தோற்றக் கதையும் தொன்மமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் காமிக்ஸையும் புராணக் கதைகளையும் கலந்து வாசிக்கிறோம். பிள்ளைகள் முன்னால் உட்காருவார்கள், அவர்களைக் கூட்டி வரும் பெற்றோரும் தாத்தாக்களும் பின்வரிசையில். கேள்விகள் இரண்டு பக்கமிருந்தும் வரும், பெரும்பாலும் அதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதிலைத் தந்திருக்கிறேன். தலைமுறைகளாக ஒரு சமூகம் சொல்லிவரும் தெய்வங்களின், வீரர்களின் கதைகளை இங்கே தொன்மம் என்கிறேன். புராண நூல்கள் அதில் ஒரு பகுதி.

தோற்றக் கதை என்றால் ஹீரோ பிறந்த கதையா?

பிறப்பு வந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நமக்குத் தெரிந்த ஆளாக ஒரு கதாபாத்திரம் எப்போது, எதனால் ஆனது என்று சொல்வதுதான் தோற்றக் கதை. புரூஸ் வெய்ன் பணக்கார வீட்டில் பிறந்ததில் பெரிய கதை ஏதும் இல்லை. தெருவில் ஒரு திருடன் அவன் கண்ணெதிரே அப்பா அம்மாவைச் சுட்டுக் கொல்கிறான் பாருங்கள், பேட்மேன் அங்கே தொடங்குகிறான். நம் சினிமாவில் இடைவேளையை ஒட்டி வரும் பிளாஷ்பேக்கும் பல நேரம் இதே வேலையைத்தான் செய்கிறது.

எழுத்தாளர் அந்தப் பாத்திரத்தை எப்படி யோசித்தார் என்பது வேறு சங்கதி. எடின்பரோவில் தனக்குப் பாடம் எடுத்த டாக்டர் ஜோசப் பெல்லைப் பார்த்துத்தான் ஆர்தர் கோனன் டாயில் ஷெர்லக் ஹோம்ஸை உருவாக்கினார். இது டாயிலின் வாழ்க்கையில் நடந்தது. ஹோம்ஸுக்கு இதில் பங்கு கிடையாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் பாதி வாக்குவாதம் பிறக்கிறது.

கர்ணனை ஆற்றில் விட்டார்கள், சூப்பர்மேனை ராக்கெட்டில் விட்டார்கள். ரெண்டும் ஒண்ணுதானே சார்?

எலும்புக்கூடு ஒன்றுதான். அதை மறுக்கவே முடியாது. குந்தி குழந்தையைப் பெட்டியில் வைத்து, மெழுகால் அடைத்து, அசுவ நதியில் விடுகிறாள். பெட்டி அங்கிருந்து சர்மண்வதி, யமுனை, கங்கை என்று மிதந்து, சம்பாபுரிப் பக்கம் அதிரதன் கையில் சேர்கிறது. பழைய மெசபடோமியாவில் (இன்றைய இராக் பக்கம்) அக்காத் நாட்டை ஆண்ட மன்னன் சார்கோனின் கதையில் நாணல் கூடை, தார்ப்பூச்சு, யூப்ரடிஸ் ஆறு. அவனை எடுத்து வளர்ப்பவன் அக்கி என்ற தண்ணீர் இறைப்பவன். பைபிளில் வரும் மோசேயை நைல் நதியில் விட்ட கூடைக்கும் தார்ப்பூச்சு உண்டு. 1938இல் சூப்பர்மேன் வந்தபோது ஆற்றுக்குப் பதில் விண்வெளி, கூடைக்குப் பதில் ராக்கெட். அவனை எழுதிய ஜெர்ரி சீகலும் வரைந்த ஜோ ஷூஸ்டரும் யூதக் குடும்பத்துப் பிள்ளைகள் என்பதால் மோசே கதையோடு ஒப்பிட்டு எழுதியவர்கள் ஏராளம்.

ஆனால் அந்த எலும்புக்கூட்டுக்கு என்ன வேலை கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். சார்கோன் கதை, யாரென்று தெரியாத ஒருவன் அரசனானதை நியாயப்படுத்துகிறது. மோசேயின் கதை ஒரு மக்கள்கூட்டத்தின் விடுதலைக்கு முன்னுரை. கர்ணனின் பெட்டி, பிற்பாடு குருக்ஷேத்திரத்தில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நிற்பதற்கான விதை. சூப்பர்மேனின் ராக்கெட்டுக்கு 1938இல் இருந்த வேலை ரொம்பச் சின்னது: இந்த ஆள் ஏன் காரைத் தலைக்குமேல் தூக்குகிறான் என்று ஒரு பக்கத்தில் சொல்லிவிட்டு, சண்டைக்குப் போய்விட வேண்டும். கிராமத்தில் அவனை எடுத்து வளர்க்கும் கென்ட் தம்பதிகூட முதல் இதழில் இல்லை. வழியில் காரில் போன யாரோ ஒருவர் எடுத்து அநாதை இல்லத்தில் சேர்க்கிறார், அவ்வளவுதான். கென்ட் தம்பதி 1939இல் வந்தார்கள்.

நம்பினா புராணம், நம்பலைன்னா கதை. இவ்வளவுதானே வித்தியாசம்?

பின்வரிசைத் தாத்தாக்கள் விரும்பிக் கேட்கும் கேள்வி இது. பதில், இல்லை என்பதுதான். கிரேக்கக் கடவுள் சீயஸை இன்று கோயில் கட்டிக் கும்பிடுபவர்கள் எத்தனை பேர் என்று தேட வேண்டியிருக்கும். அதற்காகக் கிரேக்கத் தொன்மங்களை யாரும் நாவல் கணக்கில் சேர்ப்பதில்லை. நம்பிக்கை போனபிறகும் தொன்மம் தொன்மமாகவே கிடக்கிறது.

நான் பயன்படுத்தும் சோதனை வேறு. அந்தக் கதையை எடுத்துவிட்டுப் பாருங்கள், கூடவே எது போகிறது? பேட்மேனின் தோற்றக் கதையை எடுத்தால் அவன் ஏன் ராத்திரியில் சுற்றுகிறான் என்பது போகும். போவது அவன் ஒருவனுடைய காரணம். முருகன் பிறந்த கதையை எடுத்துவிட்டால்? வானத்தில் கார்த்திகை மீன்கள் ஏன் ஆறு, கிருத்திகை தோறும் ஏன் விரதம், சாமிக்கு ஏன் ஆறு முகம், வைகாசி விசாகத்துக்கு ஏன் பால்குடம் என்று வரிசையாக எல்லாமே பதிலில்லாமல் நிற்கும். தோற்றக் கதை ஒரு ஆளை விளக்குகிறது. தொன்மம் ஒரு ஆளின் பெயரில் வானம், ஊர், நாள், சடங்கு எல்லாவற்றையும் கட்டி வைத்திருக்கிறது.

முருகனுக்கே ரெண்டு மூணு பிறப்புக் கதை இருக்கே. எதுதான் சரி?

எல்லாமே. நழுவுவதற்காகச் சொல்லவில்லை, தொன்மம் அப்படித்தான் இயங்குகிறது. நமக்குத் தெரிந்தது கந்தபுராணக் கதை: சிவனின் நெற்றிக்கண்ணிலிருந்து ஆறு பொறி, அவற்றை வாயுவும் அக்கினியும் சுமக்க, கங்கை வழியாகச் சரவணப் பொய்கை, அங்கே கார்த்திகைப் பெண்கள் பால் கொடுக்கிறார்கள், உமை அணைத்ததும் ஆறு குழந்தை ஒன்றாகிறது. அதற்குப் பல நூற்றாண்டு முந்தைய பரிபாடலில் ஐந்தாம் பாட்டைத் திறந்து பாருங்கள். நெற்றிக்கண் பொறி இல்லை. இந்திரன் கேட்டு வாங்கிய வரத்தால் சிவன் தன் கருவையே சிதைக்கிறான். முனிவர்கள் அதை வேள்வித்தீயில் இடுகிறார்கள். அருந்ததி நீங்கலாக ஆறு முனிபத்தினிகள் அதை உண்டு கருவுற்று, பொய்கையில் தாமரைப் படுக்கையில் ஈனுகிறார்கள். படிக்கக் கொஞ்சம் மிரட்டலாகவே இருக்கும்.

பரிபாடல் தப்பு என்று கந்தபுராணம் எங்கும் சொல்லவில்லை. கோயில் குருக்களும் சொல்ல மாட்டார். கிரேக்கத்திலும் இதே கதைதான்: காதல் தெய்வமான அஃப்ரோடைட் கடல்நுரையில் பிறந்தாள் என்கிறார் பழைய கவிஞர் ஹெசியட், சீயஸுக்கும் டையோனிக்கும் மகள் என்கிறார் ஹோமர். பின்னால் வந்த பிளேட்டோவின் நூலில் ஒரு பாத்திரம், அப்படியானால் அஃப்ரோடைட்டே இரண்டு பேர்தான் என்று சொல்லி முடிச்சை அவிழ்க்கிறது. யாரையும் பொய்யராக்காமல் சமாளிக்கும் இந்தச் சாமர்த்தியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

காமிக்ஸிலயும் கதையை மாத்தி மாத்தித்தானே எழுதுறாங்க? அதுவும் இதே மாதிரிதானே?

மாற்றுகிறார்கள், ஆனால் மாற்றும் விதம் வேறு. 1986இல் ஜான் பர்ன் சூப்பர்மேனின் கதையை முதலிலிருந்து திருப்பி எழுதினார். அதற்குமுன் வந்த கதைகள் கதை உலகின் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. வொண்டர் வுமன் 1941இல் அறிமுகமானாள். ஆண்களே இல்லாத தீவில், அரசி களிமண்ணில் செய்த பொம்மைக்கு உயிர் வந்தது என்பதுதான் அவளுடைய பழைய கதை. 2011இல் அது மாறி, அவள் சீயஸின் மகள் ஆனாள். களிமண் கதை, அம்மா மகளிடம் சொல்லி வைத்த பொய் என்று ஆக்கிவிட்டார்கள். பழையதைப் பொய்யாக்காமல் புதியதை எழுத அவர்களுக்கு வழியில்லை, ஏனென்றால் அங்கே ஒரே நேரத்தில் ஒரு கதைதான் அதிகாரபூர்வமானது.

அதை யார் தீர்மானிப்பது? உரிமையாளர். சூப்பர்மேனின் உரிமையை சீகலும் ஷூஸ்டரும் விற்றது 130 டாலருக்கு. அன்றிலிருந்து அவன் எங்கே பிறந்தான், எதில் வந்தான் என்று சொல்லும் உரிமை நிறுவனத்துடையது. முருகன் கதையில் கையெழுத்துப் போட அப்படி ஒரு ஆபீஸ் இல்லை. திருச்செந்தூரில் ஒரு விதமாகவும் கதிர்காமத்தில் இன்னொரு விதமாகவும் சொல்லலாம், வழக்கு வராது.

பேட்மேனோட கதை முதல் புத்தகத்திலேயே வந்துடுச்சா?

இல்லை. பேட்மேன் முதலில் வந்தது 1939 மே மாத இதழில். அப்பா அம்மா சுடப்பட்ட கதை அதே ஆண்டு நவம்பர் இதழில், அதுவும் இரண்டே பக்கத்தில் வந்தது. சுட்டவனுக்கு ஜோ சில் என்று பெயர் கிடைக்க 1948 வரை ஆயிற்று. வோல்வரின் இன்னும் மோசம். 1974இல் வந்தவனுக்கு முழுத் தோற்றக் கதை கிடைத்தது 2001இல்தான். ஆள் பிடித்துப்போனால் பூர்வகதை பின்னால் வரும், பத்திரிகைத் தொழிலில் அதுதான் வரிசை.

கரண்ட் ஷாக், சிலந்திக் கடி, கதிர்வீச்சு... இதெல்லாம் சாமி கொடுத்த வரம் மாதிரிதானே?

அருமையான கேள்வி, ஏழாம் வகுப்புப் பெண் கேட்டது. ஆமாம், வரம் நின்ற இடத்தில் விபத்து வந்து நிற்கிறது. தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்த என் வயசுக்காரர்களுக்கு இரும்புக்கை மாயாவியைச் சொன்னாலே போதும். 1962இல் இங்கிலாந்தில் வந்த தொடர் அது, 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்தது. லூயிஸ் கிராண்டெல் ஆய்வகத்தில் உதவியாளர், ஒரு கை இரும்பு. உயர் அழுத்த மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு முழுக்க மறைந்து, இரும்புக் கை மட்டும் காற்றில் தொங்கும். மாயமாக வேண்டும் என்றால் பிளக் பாயிண்டில் விரலை விட்டால் சரி. அதை வீட்டில் முயற்சி செய்யக் கூடாது என்று எங்கள் தலைமுறைக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

வித்தியாசம் இதுதான்: வரத்துக்குக் கொடுப்பவர் உண்டு, தவம் உண்டு, நிபந்தனை உண்டு. இரணியன் கேட்டு வாங்கிய வரத்தில் பகலிலும் சாவு கூடாது, இரவிலும் கூடாது என்று வாசகம் இருந்ததால்தான் நரசிம்மர் அந்தியில் வர நேர்ந்தது. விபத்துக்கு அப்படி யாரும் பொறுப்பில்லை. சக்தி யார் தலையிலும் விழும். மாயாவி ஆரம்பத்தில் அதைத் திருட்டுக்குத்தான் பயன்படுத்தினான், பிறகுதான் நல்ல பக்கம் வந்தான். இன்னொன்று, விபத்து அந்தந்தக் காலத்தின் பயத்தைச் சட்டைபோல் போட்டுக்கொள்ளும். 1962இல் ஸ்பைடர்மேனைக் கடித்தது கதிர்வீச்சு ஏறிய சிலந்தி, ஏனென்றால் அது அணுகுண்டுக் காலம். 2002 சினிமாவில் அதே சிலந்தி மரபணு மாற்றப்பட்டதாகிவிட்டது.

ஜோக்கருக்கு மட்டும் ஏன் ஒரு நிலையான கதை இல்லை?

வேண்டுமென்றே. பேட்மேனின் பரம எதிரியான ஜோக்கர் 1940இல் வந்தபோது அவனுக்கு முன்கதையே இல்லை. 1951இல் ஒன்று கொடுத்தார்கள், ரசாயனத் தொட்டியில் விழுந்தவன் என்று. 1988இல் ஆலன் மூர் எழுதிய கதையில் ஜோக்கரே, என் கடந்த காலம் ஒருநாள் ஒரு மாதிரி நினைவு வரும், இன்னொரு நாள் வேறு மாதிரி வரும் என்று சொல்லிவிடுகிறான். 2008 படத்தில் வாயோரத் தழும்புக்கு இரண்டு பேரிடம் இரண்டு கதை சொல்கிறான்.

மேலே முருகன் கேள்வியில் சொன்ன பல கதைகளோடு இதைச் சேர்க்காதீர்கள். அங்கே எல்லாக் கதையும் மெய். இங்கே எதுவுமே மெய்யாக இல்லாமல் இருக்கலாம், பயமே அதில்தான். காரணம் தெரிந்த கொடூரன் மேல் நமக்குப் பரிதாபம் வந்துவிடும்.

தோர் காமிக்ஸா, புராணமா?

இரண்டு தோர் இருக்கிறார்கள். வட ஐரோப்பியத் தொன்மங்களைச் சொல்லும், ஐஸ்லாந்தில் 13ஆம் நூற்றாண்டில் எழுதிவைக்கப்பட்ட எட்டா நூலில் வரும் தோர், ஓடினுக்கும் பூமித்தாய்க்கும் மகன். அவன் தேரை இழுப்பவை இரண்டு ஆட்டுக்கடாக்கள். ராத்திரி அவற்றையே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, தோலையும் எலும்பையும் போட்டுக் காலையில் சுத்தியலால் எழுப்புவான். சுத்தியலின் பிடி ஏன் குட்டை என்பதற்கும் கதை உண்டு: அதைச் செய்துகொண்டிருந்தபோது குறும்புக்காரத் தெய்வமான லோகி ஈயாக வந்து வேலைக்காரனின் கண்ணிமையில் கடித்துவிட்டான்.

1962 ஆகஸ்டில் வந்த காமிக்ஸ் தோர் தொடங்குவது வேறு இடத்தில். டொனால்ட் பிளேக் என்ற கால் ஊனமான டாக்டர், நார்வேயில் ஒரு குகைக்குள் கிடைத்த தடியைப் பாறையில் அடிக்கிறார், தோர் ஆகிறார். தகுதி உள்ளவன்தான் இந்தச் சுத்தியலைத் தூக்க முடியும் என்ற புகழ்பெற்ற வாசகம் காமிக்ஸின் சரக்கு. எட்டாவில் தகுதிப் பேச்சு இல்லை, சுத்தியலைப் பிடிக்க இரும்புக் கையுறை வேண்டும், அவ்வளவே. பெயரை இரவல் வாங்கி, மேலே புதிதாக ஒரு தோற்றக் கதையை ஒட்டியிருக்கிறார்கள்.

எழுதினவர் பேர் தெரிஞ்சா அது கற்பனை. அப்போ கண்ணகி?

இந்தப் பக்கத்திலேயே சிக்கலான கேள்வி. இளங்கோவடிகள் எழுதிய காப்பியத்தில் கண்ணகிக்குப் பிறப்பு அதிசயம் எதுவும் கிடையாது. புகாரில் மாநாய்கன் என்ற வணிகனின் மகள், வயது பன்னிரண்டு, கல்யாணம். சாதாரண வீட்டுப் பெண்ணாகத்தான் கதைக்குள் வருகிறாள்.

இலங்கைக்குப் போய்ப் பாருங்கள். சிங்களவர் வணங்கும் பத்தினித் தெய்வத்தின் கதையில் அவள் பாண்டியன் தோட்டத்து மாங்கனியிலிருந்து பிறக்கிறாள், பேழையில் வைத்து ஆற்றில் விடப்படுகிறாள், வணிகர் எடுத்து வளர்க்கிறார். கர்ணனும் சார்கோனும் மிதந்த அதே பெட்டி! காப்பிய நாயகி தெய்வமானதும், அவளுக்கு இல்லாத பிறப்புக் கதையை மக்கள் செய்து கொடுத்துவிட்டார்கள். மட்டக்களப்புப் பகுதிக் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது அவள் கதையைச் சொல்லும் கண்ணகி வழக்குரை என்ற பாடல் நூலைப் பாடுவது இன்றும் நடக்கிறது. ஆகவே எழுதியவர் பெயர் தெரிவது மட்டும் அளவுகோல் ஆகாது. கதை அவர் கையைவிட்டுப் போய், மற்றவர்கள் சேர்க்கவும் கழிக்கவும் தொடங்கினார்களா என்று கேளுங்கள்.

ஏன் எல்லா வீரனும் கடைசியில ராஜா வீட்டுப் பிள்ளையாவே இருக்கான்?

இதைப் பற்றி ஓட்டோ ராங்க் என்ற மனோதத்துவ அறிஞர் 1909இலேயே ஒரு நூல் எழுதினார்: உயர்ந்த இடத்தில் பிறப்பு, கைவிடப்படுதல், எளியவர் வீட்டில் வளர்ப்பு என்று பல நாட்டு வீரர் கதைகளில் ஒரே தடம் இருப்பதைக் காட்டினார். அவர் மனோதத்துவ விளக்கம் கொடுத்தார். நம் பக்கம் பார்த்தால் அதில் சாதியும் சேர்ந்துகொள்கிறது.

மதுரை வீரனை எடுத்துக்கொள்ளுங்கள். பரவலாகச் சொல்லப்படும் கதையில் அவன் காசி ராஜாவின் பிள்ளை, மாலை சுற்றிப் பிறந்ததால் ஆகாது என்று காட்டில் விடப்பட்டு, அருந்ததியர் தம்பதியிடம் வளர்ந்தவன். அவன் அந்தக் குடும்பத்திலேயே பிறந்தவன்தான், காசி ராஜா பின்னால் ஒட்டப்பட்ட பூச்சு என்று ஆய்வாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. கும்பிட வேண்டும், ஆனால் பிறந்த சாதியை ஒத்துக்கொள்ள முடியாது என்றால், குழந்தையைக் காட்டில் கண்டெடுத்ததாகச் சொல்வது வசதி. ஸ்பைடர்மேன் எந்த வீட்டில் பிறந்தான் என்பதற்காக ஊர் இரண்டாகப் போவதில்லை. தொன்மத்தின் பிறப்புக் கதையில் நிலம், மரியாதை, கோயில் நுழைவு எல்லாம் பணயம்.

சூப்பர்ஹீரோக்கள்தான் இன்றைய புராணம்னு சொல்றாங்களே, சரியா?

பாதி சரி. நினைவில் கதை மாறுவது இங்கேயும் நடக்கிறது. பெரிய சக்தியோடு பெரிய பொறுப்பும் வரும் என்று, ஸ்பைடர்மேனான பீட்டரிடம் அவனை வளர்த்த பென் மாமா சொன்னார் என எல்லாரும் சத்தியம் செய்வார்கள். 1962 இதழை எடுத்துப் பார்த்தால் அதை அவர் சொல்லவே இல்லை. கடைசிக் கட்டத்தில் கதைசொல்லியின் குரலாக, பெட்டிக்குள் அச்சான வரி அது. பின்னால் வந்தவர்கள் அதை அவர் வாயில் வைத்தார்கள், வாசகர்களும் அப்படியே ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். நாட்டார் கதை வளர்வதும் இப்படித்தான்.

மறுபாதி, சடங்கும் உரிமையும். ஸ்பைடர்மேனுக்காக விரதம் இருப்பவர்கள் இல்லை. சூப்பர்மேனின் முதல் கதைகள் அமெரிக்காவில் பொதுச்சொத்தாவது 2034இல். அதற்குப் பிறகு யார் யார் கையில் போய் என்னவாகிறான் என்று பார்க்க எனக்கே ஆசை.

நான் ஒரு காமிக்ஸ் வரையறேன். ஹீரோ பஸ் கண்டக்டர், விசில் ஊதினா நேரம் நின்னுடும். முதல் பக்கத்திலேயே எப்படி சக்தி வந்ததுன்னு சொல்லியே ஆகணுமா?

தேவையில்லை. மேலே பேட்மேன் கேள்வியில் பார்த்தாயே, ஆறு மாதம் காத்திருந்தார்கள். தமிழில் இன்னும் நல்ல உதாரணம் உண்டு: பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது, நந்தினி யார் பெற்ற பெண் என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு கல்கி வாசகர்களை வாரக்கணக்கில் இழுத்துப் போனார். பதில் தெரியாததால்தான் அவள் அறைக்குள் வந்தாலே பதற்றம் கூடுகிறது.

ஆனால் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். விசில் யாருடையது, வாங்கியதா, பழைய கண்டக்டர் விட்டுப் போனதா என்று தனி நோட்டில் எழுதி வை. அது ஒரு பக்கத்துக்குமேல் போனால் உன் கதைக்கு அவ்வளவு தேவையில்லை என்று அர்த்தம். முதல் பக்கத்தில் பஸ் நிற்கட்டும், கூட்டம் ஏறட்டும், விசில் ஊதட்டும்.